செத்துப்போன ஷாக்கும் சாகாத அழுத்தமும்

பெங்களூர் சிவாஜிநகரின் குஜரிக் கடைகளில், பிரித்தெடுக்கப்பட்ட வண்டிகளின் உறுப்புகள் இனம்வாரியாகக் குவிக்கப்பட்டிருக்கும். கதவுகள் ஓரிடம், ரேடியேட்டர்கள் ஓரிடம், ஷாக் அப்சர்கள் ஓரிடம். அந்த மூன்றாவது குவியலைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் தீர்ப்பு ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும்: "செத்தது". எண்ணெய் கசிந்து, தண்டு துருவேறி, அழுத்தினால் எதிர்ப்புக் காட்டாத ஷாக் செத்தது. செத்ததை அறுக்கலாம், உருக்கலாம், எடைக்குப் போடலாம், வீட்டுக்கு எடுத்துச் சென்று பிரித்தும் பார்க்கலாம் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கும் அனுமதி.

இங்கேதான் சிக்கல். எண்ணெயை இழந்த ஷாக், தன் வாயுவையும் இழந்துவிட்டது என்று பொருளில்லை. நைட்ரஜன் அடைக்கப்பட்ட ஒற்றைக் குழாய் ஷாக்கில், எண்ணெயும் வாயுவும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. தண்டின் சீல் தேய்ந்து எண்ணெய் வெளியேறினாலும் பிஸ்டனுக்குப் பின்னால் வாயு எஞ்சியிருக்கக்கூடும். 46 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு, அதாவது 200 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தால், அதன் மூடியை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 230 கிலோ. ஆலையிலேயே மூடி அனுப்பப்படும் சில வகைகளில் அழுத்தம் 25 பார் அளவில் இருக்கும். அப்போது அதே மூடியின்மீது 400 கிலோவுக்கு மேற்பட்ட விசை. அந்த மூடியைப் பிடித்து நிறுத்துவது பல வடிவமைப்புகளில் ஒரு மெல்லிய சர்க்ளிப் வளையம். "செத்தது" என்ற சொல்லை நம்பி அவ்வளையத்தைக் கழற்றுபவரின் முகத்துக்கும் அந்த மூடிக்கும் இடையே வேறு தடுப்பு ஏதுமில்லை.

இந்தச் செய்தி தமிழில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எழுதப்பட்டிருப்பின், குவியலுக்கு முன் நிற்பவர் பேசும் தமிழில் எழுதப்பட்டிருக்கிறதா? இவ்விரு கேள்விகளையும் தமிழ்க் கல்வியுலகம் தன்னிடமே கேட்டுக்கொள்ளவேண்டிய காலம் வந்து நெடுநாளாகிவிட்டது.

கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. காட்டுப்பாதையிலும் மலைத்தடத்திலும் ஓட்டுவதற்காகத் தார், ஜிப்சி, ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் போன்ற வண்டிகளை வாங்குவோரும், அவற்றுக்குத் தனிக் கலம் பொருத்திய விலையுயர்ந்த ஷாக்குகளை இறக்குமதி செய்து மாட்டுவோரும் பெருகியுள்ளனர். அவ்வகை ஷாக்குகளை ஓட்டத்துக்கேற்பப் பிரித்து, எண்ணெய் மாற்றி, மீண்டும் நைட்ரஜன் ஏற்றவேண்டும். அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்பதில் இரு கட்சிகள் நிற்கின்றன. ஒரு கட்சி, இது நிறுவனத்துக்கு உரிய வேலை, வேறெவரும் தொடலாகாது என்கிறது. மற்றொரு கட்சி, பத்து நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்தால் போதும், சைக்கிள் பம்ப்பே இதற்கு மிகுதி என்கிறது. முதற்கட்சி அறிவைப் பூட்டிவைக்கிறது; இரண்டாவது கட்சி அறிவு தேவையே இல்லை என்கிறது. சிவாஜிநகரின் பட்டறைத் தெருக்களிலோ இந்த விவாதத்தின் அடிப்படையே ஆட்டங்காண்கிறது. கீழே பட்டறையும் மேலே குடியிருப்புமாக வாழும் குடும்பத்துக்கு "வீட்டில் செய்யாதீர்" என்ற எச்சரிக்கை எதைக் குறிக்கும்?

முதலில், அந்தக் குழாய்க்குள் நடப்பது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பெரும்பாலான வாதங்கள் இந்தத் தெளிவு இல்லாமலேயே நடக்கின்றன.

வண்டியின் எடையையும் பள்ளத்தின் அதிர்ச்சியையும் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் அழுத்தப்பட்ட ஸ்பிரிங் தானாக அடங்காது. ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைத் தணிப்பதே ஷாக்கின் பணி. எண்ணெய் நிறைந்த குழாயில் துளையிட்ட பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் செல்கிறது. துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கியடித்துப் பாயும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. கரடுமுரடான பாதையில் இது வினாடிக்குப் பலமுறை நிகழ்வதால் எண்ணெய் கொதிசூடாகிறது. பிஸ்டனுக்குப் பின்புறம் அழுத்தம் திடீரெனக் குறையும் இடத்தில் குமிழிகள் தோன்றுகின்றன. குமிழி கலந்த எண்ணெய் நுரையாகிறது. நுரைக்கு எதிர்ப்பாற்றல் கிடையாது; ஓட்டுநருக்கு வண்டி கைவிட்டுப் போவதுபோல் தோன்றும். பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தியான் பூர்சியே தெ கார்போன் 1950களில் இதற்கு ஒரு தீர்வு கண்டார். எண்ணெய்க்குப் பின்னால் ஒரு மிதக்கும் பிஸ்டனை வைத்து, அதற்கும் பின்னால் உயரழுத்த வாயுவை அடைத்தார். எண்ணெய் எந்நேரமும் அழுத்தத்தில் இருப்பதால் குமிழி எழுவது தடைப்படுகிறது. ஜெர்மானிய நிறுவனமான பில்ஸ்டைன் இந்த அமைப்பைப் பெருமளவில் உற்பத்திக்குக் கொண்டுவந்தது.

அந்த வாயு ஏன் நைட்ரஜனாக இருக்கவேண்டும்? அதில் மந்திரம் ஏதுமில்லை. சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வேறுபாடு மீதமுள்ள பகுதியில் இருக்கிறது. காற்றில் ஈரம் உண்டு. சூடேறும்போது அந்த ஈரத்தால் அழுத்தம் கணக்குத் தப்பி மாறும், உலோகம் துருப்பிடிக்கும். காற்றில் ஆக்சிஜன் உண்டு. அது சூடான எண்ணெயைக் கெடுக்கும், சீல்களை முதுமையடையச் செய்யும். உருளையில் வரும் நைட்ரஜன் உலர்ந்தது, எண்ணெயோடு வினைபுரியாதது. ஆகவே சைக்கிள் ஷாக் பம்ப்பால் காற்றடித்தால் வண்டி அன்று ஓடும் என்பது உண்மை. அதுவே போதும் என்று ஆயுள் முழுமைக்கும் முடிவுகட்டுவது பிழை. காணொளிக் கட்சியின் தவறு இந்த இடைவெளியில் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது எது, கூடாதது எது என்ற எல்லைக்கோட்டையும் இயற்பியலே வரைந்து தருகிறது. கலத்தின் முனையில் டயரில் இருப்பதுபோன்ற வால்வும், உற்பத்தியாளர் அச்சிட்டுத் தந்த அழுத்த அளவும், சரியான ரெகுலேட்டரும், கண்ணாடியும், பொறுமையும் இருந்தால் நைட்ரஜன் ஏற்றுவது பயிற்சி பெற்றவருக்கு அரிய செயலன்று. தண்டை முழுமையாக வெளியே இழுத்த நிலையில், 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரையிலான குறிப்பிட்ட அளவுக்கு நிரப்பவேண்டும். ஆனால் நிரம்பிய நைட்ரஜன் உருளைக்குள் இருப்பது ஏறத்தாழ 2000 பி.எஸ்.ஐ. இடையில் ரெகுலேட்டர் இல்லையேல் ஷாக்கின் கலம் ஒரு வெடிகுண்டுதான். வெல்டிங்குக்கான ரெகுலேட்டர் பலவற்றில் வெளியேறும் அழுத்தம் 200ஐ எட்டாது; எட்டவில்லை என்பதற்காக அதைத் தவிர்த்து நேரடியாக இணைக்கும் எண்ணம் எழும் கணமே விபத்தின் தொடக்கம்.

அளந்து பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கலத்தில் வாயுவுக்குள்ள இடம் 100 மில்லிலிட்டர், அழுத்தம் 200 என்று கொள்வோர், மானியின் குழாயில் 5 மில்லிலிட்டர் இடம் இருப்பதை மறந்துவிடுகின்றனர். மானியை இணைத்தவுடன் வாயு அந்த இடத்துக்கும் பரவும். முள் காட்டுவது ஏறத்தாழ 190. அளந்ததாலேயே 10 குறைந்தது. "நேற்று நிரப்பினேன், இன்று குறைந்துவிட்டது, சீல் போய்விட்டது" என்று நல்ல சீலைப் பழிப்பவர்களில் பலர் இந்தக் கணக்கை அறியாதவர்கள். வெப்பத்தின் கணக்கும் அவ்வாறே. 20 பாகை செல்சியஸ் காலையில் 200 என்று நிரப்பிய கலம், ஓட்டத்தில் 100 பாகைக்குச் சூடேறினால், வாயுவின் பரும அளவு மாறாதபோதே அழுத்தம் 260ஐ நெருங்கும்; எண்ணெயும் விரிவதால் உண்மையில் அதற்கு மேலும் செல்லும். சூடான ஷாக்கில் அளந்து, மிகுதி என்று எண்ணி வாயுவை வெளியேற்றுபவர் மறுநாள் காலை குறையழுத்தத்தோடு புறப்படுகிறார்.

வால்வே இல்லாமல் ஆலையில் மூடப்பட்ட ஷாக்கைப் பற்றி வேறு தீர்ப்பே பொருந்தும். அதைத் துளைத்து வால்வு பற்றவைத்து மீண்டும் நிரப்புவது வீட்டு வேலையே அன்று. அதை அழிப்பதற்குக்கூட முறை உண்டு: உற்பத்தியாளர் காட்டிய இடத்தில் மட்டும், கண்ணுக்குக் காப்பணிந்து, சிறு துளையிட்டு வாயுவை வெளியேற்றிய பின்னரே அறுக்கவேண்டும். குஜரியில் கேஸ் கட்டர் பிடிப்பவருக்கு இதைச் சொல்ல வேண்டியவர் எவர்?

"கேஸ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பட்டறைத் தமிழில் சமையல் உருளையும் கேஸ், பற்றவைப்பதற்கான அசிட்டிலினும் கேஸ், குளிரூட்டியில் நிரப்புவதும் கேஸ், ஷாக்கில் இருப்பதும் கேஸ். நிரப்பும் வினைக்கும் ஒரே சொல்: டயருக்குக் காற்று "அடிப்பது" போலவே ஷாக்குக்குக் கேஸ் "அடிப்பது". பெட்ரோல் பங்க்குகள் தம் பங்குக்கு "நைட்ரஜன் காற்று" என்று பலகை வைத்து, தனி வாயுவொன்றைக் காற்றின் ஒரு வகையாக்கிவிட்டன. 2000களின் நடுவில் பல்சர் வண்டியோடு "நைட்ராக்ஸ்" என்ற வணிகப்பெயர் வந்தது. வாயு நிரப்பிய ஷாக்குக்குப் பட்டறைகளில் அதுவே பொதுப்பெயராகவும் வழங்கலாயிற்று. ஆழ்கடலில் மூழ்குவோரின் வழக்கில் நைட்ராக்ஸ் என்பது நைட்ரஜனோடு ஆக்சிஜனை மிகுதியாகச் சேர்த்த கலவையின் பெயர். ஷாக்கின் எண்ணெய்க்கு அருகில் எது வரக்கூடாதோ அதையே அச்சொல் வேறொரு தொழிலில் சுட்டுகிறது.

இது சொல்லாராய்ச்சி விளையாட்டாகத் தோன்றலாம். பட்டறையின் சூழலில் வைத்துப் பார்த்தால் அவ்வாறு தோன்றாது. நைட்ரஜன் உருளை தேடிப் பெறவேண்டியது. ஆக்சிஜன் உருளையோ வெல்டிங் கடைதோறும் நிற்கிறது. எண்ணெயும் உயரழுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பொறி இல்லாமலேயே தீப்பற்றலாம். அதனாற்றான் ஆக்சிஜன் மானிகளின் முகப்பில் எண்ணெய் கூடாது என்ற எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. அந்த எச்சரிக்கையும் ஆங்கிலத்தில். எரியும் வாயுக்களின் இணைப்பில் இடப்புரி மரை இருப்பதால் அசிட்டிலின் தவறி வந்து சேர வழியில்லை. ஆக்சிஜன், நைட்ரஜன் இரண்டும் தாமாக எரியாதவை, இரண்டுக்கும் வலப்புரி. மரையின் திசை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. எஞ்சுவது நிறம்: இந்தியத் தர விதிப்படி ஆக்சிஜன் உருளைக்குக் கருப்பு உடல், வெள்ளைக் கழுத்து, நைட்ரஜனுக்குச் சாம்பல் உடல், கருப்புக் கழுத்து. வண்ணம் உரிந்த உருளையில் அதுவும் எஞ்சாது. அப்போது பிழையைத் தடுக்கக்கூடியது வாயிலிருந்து வரும் சொல் ஒன்றே. அந்தச் சொல் "கேஸ்" என்று மட்டும் இருக்குமானால்?

மொழியியல் மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு பெயரை நினைவுகூர்வார்கள். பெஞ்சமின் லீ வோர்ஃப் மொழியியலை முழுநேரத் தொழிலாகக் கொண்டவரல்லர். வேதிப்பொறியியல் படித்து, ஹார்ட்ஃபோர்டில் தீக்காப்பீட்டு நிறுவனமொன்றில் பணியாற்றியவர். தீ விபத்துகளின் காரணங்களை ஆராய்ந்தபோது அவர் கண்ட எடுத்துக்காட்டுகளுள் புகழ்பெற்றது பெட்ரோல் பீப்பாய்களைப் பற்றியது. நிறைந்த பீப்பாய்களருகே மக்கள் எச்சரிக்கையாக நடந்துகொண்டனர். "காலி" எனப்பட்ட பீப்பாய்களருகே புகைபிடித்தனர். காலிப் பீப்பாயிலோ வெடிக்கும் ஆவி நிறைந்திருந்தது. 1941இல் வெளியான அவருடைய கட்டுரை இதிலிருந்தே தொடங்குகிறது. மொழிச் சார்புக் கொள்கை என்ற பெயரில் இக்கட்டுரை வகுப்பறைகளில் ஆண்டுதோறும் கற்பிக்கப்படுகிறது, தேர்வில் வினாவாகிறது. வகுப்பறையிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் குவிந்து கிடக்கும் "செத்த" ஷாக்குகளை அந்தக் கட்டுரையோடு இணைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் அங்கே கற்பிக்கப்படுவதில்லை.

வோர்ஃபை மறுத்தவர்கள் எழுப்பிய கேள்வியும் நியாயமானது. பீப்பாயருகே புகைத்தவரை ஏமாற்றியது சொல்லா, கண்ணுக்குத் தெரியாத ஆவியைப் பற்றிய அறியாமையா? அறியாமைதான் காரணம் என்றே வைத்துக்கொள்ளலாம். பட்டறைத் தொழிலாளியின் சிந்தனையை அவருடைய மொழி சிறைப்படுத்துகிறது என்ற வலிய கொள்கை இங்கே தேவையே இல்லை. அது தொழிலாளியை இழிவுபடுத்துவதும் ஆகும். ஷாக்கைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்து, கோளாறு சீலிலா வால்விலா என்று சொல்லும் உஸ்தாத்துக்குச் சிந்தனைக் குறைவு ஏதுமில்லை. ஆனால் அவர் அறிந்தது அவரிடம் வேலை கற்கும் பையனுக்கு எவ்வாறு சென்று சேர்கிறது? சொல்லின் வழியாக. "செத்தது" என்ற ஒரே முத்திரையின் கீழ் வாயு இழந்ததும் வாயு இழக்காததும் ஒன்றாகக் குவிக்கப்படும்போது, உஸ்தாத்தின் கை அறிந்த வேறுபாடு பையனின் காதுக்கு எட்டாமல் போகிறது. அறியாமை தலைமுறை கடக்கும் வழி அது.

இந்த வெற்றிடத்தை நிரப்பத் தமிழில் ஒரு நிறுவன மரபே இருக்கிறது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று சங்கம் கண்டனர். விடுதலைக்குப்பின் பெரியசாமித் தூரன் தலைமையில் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்தது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரப் பொறியியலைத் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. இம்முயற்சிகளின் பெருமையை மறுப்பவர் எவருமிலர். ஆனால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்த மரபு ஷாக் அப்சருக்குத் தந்திருக்கும் பெயர்களைப் பார்த்தால் அதன் அடிப்படைக் குறை விளங்கும்: அதிர்வு உறிஞ்சி, அதிர்வு ஏற்பி, அதிர்வு தாங்கி.

இவை பொருளுக்கு இட்ட பெயர்கள் அன்று. ஆங்கிலப் பெயருக்கு இட்ட பெயர்கள். அந்த ஆங்கிலப் பெயரே பிழையானது என்பது பொறியாளர் அறிந்த செய்தி. அதிர்ச்சியை ஏற்பது ஸ்பிரிங். இக்கருவி ஸ்பிரிங்கின் ஆட்டத்தைத் தணிக்கிறது. பிரித்தானியப் பொறியாளர் பலர் இதைத் தணிப்பான் என்று பொருள்படும் சொல்லாலேயே அழைக்கின்றனர். அகராதியை மட்டும் பார்த்து ஆக்கிய தமிழ்ச்சொல், ஆங்கிலத்தின் பிழையையும் பிழையறாமல் மொழிபெயர்த்துவிட்டது. பட்டறைக்குச் சென்று, வண்டி எதனால் "குதிக்கிறது", எதனால் "உட்கார்ந்துவிட்டது" என்று கேட்டிருந்தால், குதிப்பது ஷாக்கின் கோளாறு, உட்கார்வது பெரும்பாலும் ஸ்பிரிங்கின் கோளாறு என்ற பாகுபாடு அங்கேயே கிடைத்திருக்கும். கலைச்சொல் அகராதி குழப்பிய இரண்டை, இரண்டு வினைச்சொற்களால் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது பட்டறை.

தொழிலோர் கையில் தமிழ் மாண்டுபோகவும் இல்லை. மேலே வந்த மரை என்ற சொல் பட்டறையின் அன்றாடச் சொல். கல்லூரி மாணவர் பலருக்கு அது தெரியாது. கொத்தனாரின் ரசமட்டம், தச்சரின் இழைப்புளி, லாரிக்காரரின் ஸ்பிரிங் பட்டை ஆகியவை தொழிலோடு வளர்ந்து நிலைத்தவை. தேவை எழுந்த இடத்தில் தேவைப்பட்டவரே ஆக்கும் சொல்லுக்கு விளம்பரம் வேண்டியதில்லை. அத்தகைய சொற்களைத் தேடிச் சென்று தொகுப்பது குறைவான தமிழ்த்தொண்டு என்று எண்ணும் மனப்பான்மையே மாறவேண்டியது.

சிவாஜிநகர் இதற்கு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 1809 முதல் உருவான பெங்களூர்க் கண்டோன்மென்ட்டின் பகுதி அது; மதராஸ் படையோடும் அதைச் சார்ந்த தொழில்களோடும் வந்த தமிழர், தக்கணி உருது பேசுவோர், கன்னடர் எனப் பல மொழியினர் ஒரே தெருவில் தொழில் செய்யும் இடம். கண்டோன்மென்ட் 1947இல் மைசூரோடு இணைந்தபின்னும் அந்தக் கலப்பு மாறவில்லை. அங்கே ஒரு ஷாக்கைப் பழுதுபார்க்கும் உரையாடலில் ஆங்கிலப் பெயர்ச்சொல், உருது விளி, தமிழ் வினைமுற்று, கன்னடப் பேரம் ஆகியன ஒரே மூச்சில் வரும். தமிழ்த்துறைக்கு இது தூய தமிழன்று, கன்னடத்துறைக்குக் கன்னடமன்று, உருதுத்துறைக்கு இலக்கிய உருதுமன்று. மூன்று துறைகளும் தத்தம் எல்லைக்கு வெளியே நிறுத்திய மொழியில்தான் 200 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைக் கையாளும் அறிவு கைமாறிக்கொண்டிருக்கிறது. தமிழகத்திலோ, சென்னைப் புதுப்பேட்டையைப் பற்றி இதைவிட மேலாக ஏதேனும் செய்யப்பட்டிருக்கிறதென்று மார்தட்டிக்கொள்ள இயலாது.

நிறுவனங்களும் அரசும் இப்பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்கக் குழு அமைத்தது. ஊர்திகள் அதன் நான்கு துறைகளுள் ஒன்று. அவ்வாண்டின் இறுதியில் அதற்கென வலைவாசலும் திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்க தொடக்கம். ஆயினும் பழுதுபார்க்கும் உரிமை என்பது உதிரிப்பாகமும் கையேடும் கிடைக்கும் உரிமையோடு முடிவதில்லை. பழுதுபார்ப்பவர் படிக்கும் மொழியில் கையேடு இல்லையேல் அந்த உரிமை வண்டியின் உரிமையாளருக்கு மட்டும் வாய்த்த உரிமை. ஷாக்கின்மீது ஒட்டப்பட்ட சிறு தாளில் "திறக்காதீர், உயரழுத்தம்" என்று ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடும் நிறுவனம், எச்சரிக்கை செய்ததாகப் பதிவுசெய்துகொள்கிறது. எச்சரிக்கப்பட்டவர் எவர் என்று கேட்டால் விடையில்லை.

இங்கே வழக்கமாக எழும் மறுப்புகள் இரண்டு. முதலாவது: இவற்றையெல்லாம் விளக்கமாக எழுதினால் அறியாதவரும் துணிந்து இறங்கிவிடுவர், மௌனமே பாதுகாப்பு. இந்த வாதம், மௌனம் நிலவும் இடத்தில் எவரும் இவ்வேலையைச் செய்வதில்லை என்ற கற்பனையின்மேல் நிற்கிறது. வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. விளக்கம் இல்லாமல் நடக்கிறது. "செய்யாதே" என்பதற்கு முன்னால் "இது ஏன் ஆபத்து" என்பது வராவிட்டால், முதல் தடையைத் தாண்டியவருக்கு அடுத்த தடை எங்கே இருக்கிறது என்று தெரியாது. தண்டு தானாக வெளியே தள்ளப்பட்டால் உள்ளே அழுத்தம் உண்டு. ஆனால் தண்டு வெளியே வராவிட்டால் அழுத்தம் இல்லை என்று பொருளில்லை; வளைந்த தண்டு சிக்கி நிற்கலாம். வால்வை அழுத்தும்போது சீறல் கேட்காததும் சான்றாகாது, வால்வு அடைபட்டிருக்கலாம். இந்த இரண்டு வாக்கியங்களை மறைத்துவைப்பதால் பாதுகாக்கப்படுபவர் எவர்?

இரண்டாவது மறுப்பு கல்வியுலகத்துக்குள்ளிருந்தே வருவது: இது பொறியாளரின் வேலை, மொழித்துறையின் வேலையன்று. வாயுவின் அழுத்தத்தைக் கணக்கிடுவது பொறியாளரின் வேலைதான். அக்கணக்கு எந்தச் சொல்லில் சொன்னால் எவருக்கு எவ்வாறு புரியும் என்பது வேறெந்தத் துறையின் வேலை? பதிற்றுக்கணக்கான ஆய்வேடுகள் கிளைமொழிகளின் வேற்றுமையுருபுகளைப் பட்டியலிட்டு நூலகத்தில் உறங்குகின்றன. அவற்றுள் ஒன்றேனும், ஒரு பட்டறையில் ஆறு மாதம் அமர்ந்து, அங்கே எந்தச் சொல் எந்த விபத்துக்கு அருகில் நிற்கிறது என்று பதிவுசெய்திருக்கலாம். அத்தகைய ஆய்வு துறையின் மதிப்பைக் குறைக்கும் என்று அஞ்சுபவர்கள், வோர்ஃபின் சான்றுகள் காப்பீட்டு அறிக்கைகளிலிருந்து வந்தவை என்பதை மறந்துவிடுகின்றனர்.

கோரிக்கைகள் எளியவை. பெங்களூரிலும் தமிழகத்திலும் உள்ள மொழியியல், தமிழ்த் துறைகள் பட்டறைச் சொற்களைக் கள ஆய்வின்வழி தொகுக்கவேண்டும். தமிழ், தக்கணி, கன்னடம் மூன்றையும் ஒன்றாக வைத்துத் தொகுக்கவேண்டும். கலைச்சொல் குழுக்களில் தொழில் தெரிந்தவர் அமரவேண்டும். அவர் விருந்தினராக அழைக்கப்படாமல், சொல்லை ஏற்கவும் தள்ளவும் உரிமையுள்ள உறுப்பினராக இருக்கவேண்டும். ஷாக் விற்கும் நிறுவனங்கள் தம் எச்சரிக்கையை விற்பனையாகும் மாநிலத்தின் பேச்சுக்கு நெருங்கிய மொழியிலும் அச்சிடவேண்டும்.

அத்தகைய எச்சரிக்கை எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

"எண்ணெய் போன ஷாக்குல கேஸ் இருக்கும். காலின்னு நம்பாதீங்க.

கேஸை முழுசா விடாம லாக் வளையத்தைக் கழட்டாதீங்க. சத்தம் வரலைன்னா வால்வு அடைச்சிருக்கலாம்.

நைட்ரஜன் மட்டும்தான். ஆக்சிஜன் வேண்டவே வேண்டாம், எண்ணெய் பட்டா தீப்பிடிக்கும்.

சிலிண்டர்ல இருந்து நேரா அடிக்காதீங்க. ரெகுலேட்டர் வேணும்.

சீல் வெச்ச ஷாக்கை வெட்டாதீங்க, சூடாக்காதீங்க. முகத்தை எதிர்ல வைக்காதீங்க."

இதில் இலக்கணப் பிழை தேடும் பேராசிரியர் ஒரு நாள் சிவாஜிநகருக்குச் சென்று, இதையே செந்தமிழில் எழுதி அந்தக் குவியலுக்கு அருகில் ஒட்டி, அறுப்புக்கருவி பிடித்திருப்பவர் அதைப் படித்துத் தயங்குகிறாரா என்று பார்த்துவிட்டு வரட்டும். தயங்கினால் செந்தமிழ் வென்றது, மகிழ்ச்சியே. தயங்காவிட்டால், எந்தச் சொல் அவரைத் தயங்கவைக்கும் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு திரும்பட்டும். கலைச்சொல்லாக்கம் அங்கிருந்து தொடங்கலாம்.